கெல்வினுக்குப் பின் வந்தவர் யார்?

அண்மையில் ஓர் இரவு கனடாவிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். பௌதிகவியல் படிக்க விண்ணப்பித்திருந்த அவளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து அனுமதிக் கடிதங்கள் வந்திருந்தன. இரண்டும் உலகறிந்த பெயர்கள். ஒன்றுக்கு ஆம் என்றும் மற்றதற்கு இல்லை என்றும் எழுத அவளுக்கு மூன்று வாரங்களே இருந்தன. வீட்டில் தாய் ஒரு பக்கம், தகப்பன் மறுபக்கம். "மாமா, நீங்கள் பேப்பர்க்காரர், எல்லாம் வாசிக்கிற ஆள். நீங்களே சொல்லுங்கோ, எதுக்கு நான் ஓமெண்டு சொல்லுறது?" என்றாள்.

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் திறந்து நிற்கும் முற்றத்தில் நான் ஒருபோதும் நின்றதில்லை. இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் தேறிய ஒருவர் தம் விருப்ப வரிசையைப் படிவத்தில் நிரப்பி அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். வெட்டுப்புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்து மிச்சத்தைத் தீர்மானிக்கும். கடிதம் வந்தால் ஒன்றுதான் வரும். எனக்கும் ஒன்று வந்தது. ஆனால் அது 1980களின் இறுதி. நாட்டின் பல்கலைக்கழகங்கள் நீண்ட காலமாக மூடிக் கிடந்தன. எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்ற கேள்வி எங்களுக்கு எழவேயில்லை. எப்போது திறப்பார்கள் என்பதே எங்களுடைய ஒரே கேள்வி. கையிற் கடிதத்துடன் வீட்டில் இருந்த அந்த மாதங்களை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கலைப் பட்டதாரியாகி ஆசிரியபீடத்துக்குள் நுழைந்தபோது, தெரிவு என்பது மற்றவர்களுக்கு வாய்க்கும் ஒரு வசதி என்றே நினைத்திருந்தேன்.

ஆகவே சொந்த அனுபவத்திலிருந்து அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்தவை பழங்கதைகள்தாம். அவற்றுள் ஒன்றை அன்றிரவு அவளுக்குச் சொன்னேன். இரண்டு பெரும் பல்கலைக்கழகங்களுக்கிடையே ஒரு முறையல்ல, பத்தாண்டு இடைவெளியில் இரு முறை நின்ற ஒரு தமிழரின் கதை அது. அவர் மாணவராக அல்ல, ஆய்வாளராகவும் பேராசிரியராகவுமே அந்தச் சந்தியில் நின்றார். எனினும் அவர் எடைபோட்டுப் பார்த்தவை பதினெட்டு வயதுப் பிள்ளையும் எடைபோட வேண்டியவையே. தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

சுப்பிரமணியன் சந்திரசேகரை 1983 ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவராக நாம் அறிவோம். சர் சி. வி. இராமனின் அண்ணன் மகன் என்பதையும் பெருமையோடு சேர்த்துச் சொல்வோம். 1910 ஒக்ரோபர் 19 ஆம் திகதி லாகூரிற் பிறந்தவர். தந்தை சுப்பிரமணிய ஐயர் கணக்காய்வுத் துறையில் உயர் அதிகாரி. தாய் சீதாலட்சுமி இப்சனின் நாடகமொன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். சென்னை திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் படித்த சந்திரசேகர், 1930 இல் இந்திய அரசின் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரிக்குப் புறப்பட்டார். தாய் அப்போது நோய்வாய்ப்பட்டிருந்தார். மகனின் பயணத்தைத் தம் நோய் தடுக்கக்கூடாது என்று வற்புறுத்தி அனுப்பிவைத்தவரும் அந்தத் தாயே. அடுத்த ஆண்டு அவர் காலமானார். மகன் அவரை மறுபடி காணவில்லை. தெரிவுகளைப் பற்றிப் பேசும்போது, அவற்றின் விலையைப் பெரும்பாலும் வேறொருவரே கொடுக்கிறார் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அந்தக் கப்பற் பயணத்தில் 19 வயது இளைஞர் செய்த கணக்கைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எரிபொருள் தீர்ந்த ஒரு நட்சத்திரம் வெண்குறளி என்னும் நிலையில் அமைதியடைய வேண்டுமானால் அதன் திணிவு ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது அந்தக் கணக்கின் முடிவு. சூரியனின் திணிவைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று சொல்லப்படும் சந்திரசேகர் எல்லை அதுவே. அதற்கு மேற்பட்ட நட்சத்திரம் என்னவாகும்? 1935 ஜனவரி 11 ஆம் திகதி இலண்டனில் அரச வானியற் கழகத்தின் கூட்டத்தில் அவர் தம் முடிவுகளை முன்வைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். அக்காலத்தின் மிகப் பெரிய வானியலாளர். கேம்பிரிட்ஜில் அந்த இளைஞரின் வேலையை அருகிருந்து பார்த்தவர். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்று அவர் எள்ளலோடு பேச, சபை சிரித்தது.

சந்திரசேகருக்கு அப்போது வயது 24. டிரினிட்டி கல்லூரியில் 1933 முதல் நான்காண்டு ஆய்வுறுப்பினர் பதவி அவருக்கு இருந்தது. இராமானுஜன் 1918 இல் பெற்ற அந்தக் கௌரவம் பதினைந்து ஆண்டுகளின் பின்னர் மீண்டும் ஓர் இந்தியருக்குக் கிடைத்திருந்தது. ஆனால் பதவிக்காலம் 1937 இல் முடிகிறது. அதற்குப் பின் எங்கே போவது? பெரியவர் ஒருவர் பகிரங்கமாகத் தள்ளிவைத்த கருத்தின் சொந்தக்காரருக்கு இங்கிலாந்தில் நிலையான இடம் எளிதில் கிடைத்துவிடாது.

இந்த நேரத்திலேதான் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து அழைப்பு வந்தது. ஹார்வார்ட் வானாய்வகத்தின் பணிப்பாளர் ஹார்லோ ஷாப்லி மூன்று மாத காலம் விரிவுரையாற்ற வருமாறு அழைத்தார். 1935 டிசெம்பரில் சந்திரசேகர் அமெரிக்கா சென்றார். 1936 இன் முதல் மாதங்களில் அவருடைய விரிவுரைகளைக் கேட்ட ஷாப்லி, அவரை ஹார்வார்டிலேயே வைத்திருக்க விரும்பி ஆய்வுறுப்பினர் பதவியொன்றை வழங்க முன்வந்தார். அதே மார்ச் மாதத்தில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் யேர்க்ஸ் வானாய்வகத்திலிருந்தும் அழைப்பு வந்தது. அங்கே பணிப்பாளராக இருந்தவர் ஒட்டோ ஸ்ட்ரூவ. போய்ப் பார்த்தார். அங்கும் ஒரு பதவி காத்திருந்தது.

ஒரு பக்கம் ஹார்வார்ட். 1636 இல் தொடங்கிய, அமெரிக்காவின் மிகப் பழைய உயர்கல்வி நிறுவனம். பெயரைச் சொன்னால் சென்னையிலும் தெரியும், யாழ்ப்பாணத்திலும் தெரியும். மறுபக்கம் சிக்காகோ. 1890 இல் நிறுவப்பட்ட, ஐம்பது வயதும் நிறையாத பல்கலைக்கழகம். பெயர் பெரிதுதான். ஆனால் சந்திரசேகர் வேலை செய்ய வேண்டிய இடம் சிக்காகோ நகரமல்ல. அங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தூரத்தில், விஸ்கொன்சின் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் உள்ள வில்லியம்ஸ் பே என்ற சிற்றூர். 1897 இல் அங்கே அமைக்கப்பட்ட யேர்க்ஸ் வானாய்வகத்தில் 40 அங்குல விட்டமுள்ள வில்லையைக் கொண்ட தொலைநோக்கி இருந்தது. பொழுது போக்க வேறெதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழுந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். "ஹார்வார்டை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போகிறதா?" என்று பெரியப்பா ஒருவர் கேட்டிருப்பார். அத்துடன் பேச்சு முடிந்திருக்கும்.

சந்திரசேகரும் உடனே இணங்கவில்லை. முதலில் மறுத்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார் என்றே சொல்லப்படுகிறது. கப்பல் நடுக்கடலில் இருக்கையில் சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸிடமிருந்து கம்பியில்லாத் தந்தி வந்தது. 1929 இல், முப்பது வயதில் அப்பதவிக்கு வந்தவர் ஹட்சின்ஸ். ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர், 25 வயது இந்திய இளைஞரொருவரைத் தேடி நடுக்கடலுக்குத் தந்தி அடிக்கிறார். சந்திரசேகர் சிக்காகோவுக்கு இணங்கினார். 1936 செப்டெம்பரில் சென்னையில் லலிதாவை மணந்துகொண்டு, ஆண்டு முடியும் தறுவாயில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். லலிதாவும் மாநிலக் கல்லூரியிற் பௌதிகவியல் படித்தவர். பனி மூடிய அந்தச் சிற்றூரில் அவர் எதற்கெல்லாம் ஈடுகொடுத்தார் என்பது தனியே எழுத வேண்டிய கதை.

ஏன் சிக்காகோ? ஹார்வார்டில் வாய்த்தது ஒரு பெரிய வீட்டில் விருந்தினர் அறை. சிக்காகோவிலோ வீடு அப்போதுதான் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஸ்ட்ரூவ இளைஞர்களைத் திரட்டிப் புதியதொரு வானியற் குழாமை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஒல்லாந்தரான ஜெரார்ட் கைப்பர், டென்மார்க் நாட்டவரான பெங்ட் ஸ்ட்ரோம்கிரென், இந்தியரான சந்திரசேகர் என்று ஒருவர் பின் ஒருவராகச் சேர்த்தார். கைப்பர் வெண்குறளிகளை நேரிற் பார்த்து ஆராய்பவர். சந்திரசேகர் அவற்றைக் கணக்கினால் ஆராய்பவர். தம் கணக்கைப் பார்த்துச் சிரித்த ஊரிலிருந்து வந்தவருக்கு, தம் கணக்கு தேவைப்படுகிற ஓர் ஊர் கிடைத்தது.

ஸ்ட்ரூவவின் கதையும் நம் வாசகர்களுக்கு உறைக்கக்கூடியது. பரம்பரை பரம்பரையாக வானியலாளர்களைத் தந்த குடும்பத்தில் கார்க்கிவ் நகரிற் பிறந்தவர். ரஷ்ய உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பிலிருந்து போராடி, துருக்கிக்குத் தப்பியோடி, அங்கே அகதியாகத் திண்டாடியவர். யேர்க்ஸ் கொடுத்த ஒரு வேலைதான் 1921 இல் அவரைக் கரையேற்றியது. அந்த அகதி பணிப்பாளராகி, பின்னர் வேற்று நாட்டாருக்குக் கதவு திறந்துவிட்டார். சும்மா கிடைத்த பெருந்தன்மையல்ல அது.

அந்தக் கதவும் எல்லோருக்கும் விருப்பமானதாக இருக்கவில்லை. அக்கால அமெரிக்காவை நாம் மறந்துவிடக்கூடாது. 1917 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் ஆசியர்களுக்குப் பொதுவில் வாசலை மூடியிருந்தது. இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என 1923 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1946 இல்தான் அந்தத் தடை நீங்கியது. சந்திரசேகர் குடியுரிமை பெற்றது 1953 இல். யேர்க்ஸில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், நகர வளாகத்தில் நடத்தவிருந்த பாடநெறியொன்றில் அவரும் கற்பிப்பதற்கு ஸ்ட்ரூவ ஏற்பாடு செய்தபோது பீடாதிபதி ஹென்றி கேல் மறுத்துவிட்டார். காரணம் அவருடைய நிறம். விடயம் ஹட்சின்ஸிடம் போயிற்று. சந்திரசேகர் தாராளமாகக் கற்பிக்கட்டும் என்று அவர் ஒரே வரியில் முடித்துவைத்தார்.

ஒரே பல்கலைக்கழகம், ஒரே பெயர், ஒரே முத்திரை. உள்ளே ஒரு கேலும் இருந்தார், ஒரு ஹட்சின்ஸும் இருந்தார். வாசலிற் பொறித்திருக்கும் பெயரைப் படித்து இதை அறிந்துகொள்ள முடியாது. எந்த நிறுவனத்துக்குள்ளும் இருவகையினரும் இருப்பர். அன்றைக்கு யாருடைய சொல் செல்லும் என்பதே நம் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

பத்து ஆண்டுகள் கழிந்தன. இப்போது இரண்டாவது சந்தி.

1946 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் சந்திரசேகரை அழைத்தது. அமெரிக்க வானியலின் மூத்த தலைவராகக் கருதப்பட்ட ஹென்றி நோரிஸ் ரசல் ஓய்வுபெற, அவருடைய இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. சம்பளம் சிக்காகோவிற் கிடைத்ததைப் போல் இரண்டு மடங்கு. நட்சத்திரங்களின் வகைகளைக் காட்டும் புகழ்பெற்ற வரைபடமே ரசலின் பெயரையும் தாங்கி நிற்கிறது. அப்படிப்பட்டவரின் கதிரையில் அமர்வது சாதாரண மரியாதையல்ல. சந்திரசேகரின் மனம் பிரின்ஸ்டன் பக்கமே சாய்ந்தது.

ஹட்சின்ஸ் அவரை அழைத்துப் பேசினார். பிரின்ஸ்டன் தருகிற சம்பளத்தைத் தாமும் தருவதாகச் சொன்னார். ஆனால் பணம் மட்டுமல்ல, ரசலின் வாரிசாக இருப்பது ஒரு கௌரவம் அல்லவா என்பது சந்திரசேகரின் எண்ணம். அதைக் கேட்ட ஹட்சின்ஸ் ஒரு கேள்வி கேட்டாராம். கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் கெல்வின் பிரபுவுக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் யார் என்பதே அந்தக் கேள்வி.

சந்திரசேகருக்குத் தெரியவில்லை. பேச்சு அங்கே முடிந்தது. அவர் சிக்காகோவிலேயே தங்கிவிட்டார்.

காமேஸ்வர் வாலி எழுதிய சந்திரசேகரின் வாழ்க்கை வரலாற்றில் பல ஆண்டுகளுக்கு முன் இதைப் படித்தபோது என்னை அறியாமற் சிரித்தேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான கேள்வி! பெரியவரின் நாற்காலியில் அமர்ந்தால் பெரியவராகிவிட முடியாது. உன் இடத்தை நீயே உண்டாக்கிக்கொள் என்பதை ஒரு சொற்கூடச் சொல்லாமற் சொல்லிவிட்டார்.

ஆனால் பத்திரிகைக்காரனின் புத்தி சும்மா இருக்கவில்லை. சந்திரசேகருக்குத் தெரியாவிட்டாற் போகட்டும், கெல்வினுக்குப் பின் வந்தவர் உண்மையில் யார் என்று தேடிப் பார்த்தேன்.

பிற்காலத்தில் கெல்வின் பிரபு என அழைக்கப்பட்ட வில்லியம் தொம்சன் 1846 இல், 22 வயதில் கிளாஸ்கோவிற் பேராசிரியரானார். 53 ஆண்டுகள் அப்பதவியில் இருந்து 1899 இல் ஓய்வுபெற்றார். அவருக்குப் பின் வந்தவர் அன்ட்ரூ கிரே. கெல்வினின் மாணவர், பின்னர் அவருடைய உதவியாளர். வேல்ஸில் உள்ள பாங்கர் நகரிற் பேராசிரியராக இருந்துவிட்டு ஆசிரியரின் இடத்துக்கு வந்தார். கணிதத்தில் பெசல் சார்புகள் பற்றி இன்னொருவருடன் சேர்ந்து அவர் எழுதிய நூலொன்று உண்டு. கெல்வினின் வாழ்வையும் பணியையும் பற்றி 1908 இல் ஒரு நூல் எழுதினார். 1923 வரை அந்தப் பதவியில் இருந்து, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் கற்பித்தார். அவரிடம் படித்த பிள்ளைகளுக்குக் கெல்வின் ஒரு படம். கிரேதான் ஆசிரியர். அவருடைய பெயர் நமக்குத் தெரியாதது நம்முடைய குறையேயன்றி அவருடையதல்ல.

அதைவிடச் சுவையானது இன்னொன்று. கெல்வினுக்குப் பின் வந்தவரைப் பற்றிக் கேட்ட ஹட்சின்ஸ், ரசலுக்குப் பின் வரப்போகிறவரைப் பற்றி அறிந்திருக்க வாய்ப்பில்லை. சந்திரசேகர் வேண்டாமென்ற அந்த இடத்துக்கு 1947 இல் வந்தவர் லைமன் ஸ்பிட்சர் என்ற 33 வயது இளைஞர். மாணவப் பருவத்திற் கேம்பிரிட்ஜில் சில காலம் தங்கியவர். அங்கே எடிங்டனிடமும் இளம் சந்திரசேகரிடமும் கவரப்பட்டவர். பிரின்ஸ்டனில் அவர் அணுப்பிணைவு ஆய்வைத் தொடக்கி வைத்தார். விண்மீன்களுக்கிடையே உள்ள வாயுவைப் பற்றிய ஆய்வை ஒரு துறையாகவே வளர்த்தார். வளிமண்டலத்துக்கு அப்பால் ஒரு தொலைநோக்கியை நிறுத்த வேண்டும் என்று செய்மதிகளே இல்லாத 1946 இல் எழுதினார். 1990 இல் ஹபிள் தொலைநோக்கி விண்ணுக்குச் சென்றதற்குப் பின்னால் அவருடைய பல்லாண்டு வாதாட்டம் இருக்கிறது.

ஆக, ரசலுக்குப் பின் வந்தவர் யார் என்று கேட்டால் வானியல் படித்த எவரும் பதில் சொல்வார். ஹட்சின்ஸின் கேள்வி கெட்டிக்காரத்தனமானது. ஆனால் அது உணர்த்த முயன்ற தீர்ப்பு, அந்தக் கதிரையைப் பொறுத்தவரை, பிழைத்துப்போயிற்று. பிரின்ஸ்டனுக்குப் போனவர் மங்கிவிடவில்லை.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா விண்ணில் நிறுத்திய நான்கு பெரும் வானாய்வகங்களில் ஒன்று எக்ஸ் கதிர்களைப் பார்ப்பது. 1999 ஜூலை 23 ஆம் திகதி ஏவப்பட்டது. அதற்குச் சந்திரா என்று பெயர். இன்னொன்று அகச்சிவப்புக் கதிர்களைப் பார்ப்பது. 2003 ஓகஸ்ட் 25 ஆம் திகதி ஏவப்பட்டு 2020 வரை இயங்கியது. அதற்கு ஸ்பிட்சர் என்று பெயர். ஒரே கதிரைக்குப் போகாதவரும் போனவரும் ஒரே வானத்திற் சமமாக நின்றார்கள்.

இதைக் கண்டபோது நான் நெடுநேரம் யோசித்தேன். அப்படியானால் தெரிவு என்பதற்குப் பொருளேயில்லையா? எங்கே போனாலும் ஒன்றுதானா? அப்படியும் சொல்லிவிட முடியாது.

சந்திரசேகர் பெயரைப் பாராமல் ஆட்களைப் பார்த்தார். சரியான முறையே. ஆனால் ஆட்களும் நிலையானவர்களல்லர். ஸ்ட்ரோம்கிரென் இரண்டாண்டுகளுக்குள் தாயகம் திரும்பிவிட்டார். ஸ்ட்ரூவ 1950 இல் கலிபோர்னியாவுக்குப் போனார். நடுக்கடலுக்குத் தந்தியடித்த ஹட்சின்ஸே 1951 இல் சிக்காகோவை விட்டு விலகினார். யாரை நம்பி வந்தாரோ அவர்களெல்லாம் போன பின்னரும் சந்திரசேகர் இருந்தார். 1995 ஓகஸ்ட் 21 ஆம் திகதி சிக்காகோவிற் காலமாகும்வரை அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவராகவே இருந்தார்.

அவரை அங்கே பிடித்துவைத்தது வேலை. வில்லியம்ஸ் பேயில் ஏறத்தாழ 27 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரு துறையை எடுத்துச் சில ஆண்டுகள் அதிலேயே மூழ்கி, முடிவில் அதைப்பற்றி ஒரு பெரிய நூலை எழுதி முடித்துவிட்டு வேறு துறைக்குப் போவது அவருடைய வழக்கம். நட்சத்திரங்களின் அமைப்புப் பற்றிய நூல் 1939 இல். கதிர்வீச்சுக் கடத்தல் பற்றியது 1950 இல். கருந்துளைகளின் கணிதம் பற்றியது 1983 இல். 1952 முதல் 1971 வரை வானியற் பௌதிகத்தின் முதன்மையான ஆய்விதழைப் பதிப்பித்தார். இரவுப் பணியில் அச்சுப்படி திருத்திய எனக்கு அந்தப் பத்தொன்பது ஆண்டுகளே மற்றெல்லாவற்றையும்விட மலைப்பைத் தருகின்றன.

குளிர்காலப் பாதைகளில் அந்த 130 கிலோமீற்றரையும் கடந்து அவர் நகர வளாகத்துக்குக் கற்பிக்கப் போய்வந்த கதையொன்று அறிவியல் உலகில் வழங்குகிறது. வகுப்பில் இருந்தவர்கள் இரண்டே மாணவர்கள்தாம் என்பது கதை. லீ, யாங் என்ற அந்தச் சீன இளைஞர்கள் இருவரும் 1957 இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆசிரியருக்கு அது கிடைக்க மேலும் 26 ஆண்டுகள் ஆயின. சொல்லச் சொல்ல மெருகேறும் கதைகளிற் பத்திரிகைக்காரனுக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. வகுப்பில் இரண்டு பேர்தாமா, மூன்று பேரா என்று நான் வழக்காட மாட்டேன். அவர் போய்வந்தார் என்பதும், அந்த இருவரும் அங்கே படித்தார்கள் என்பதும் எனக்குப் போதும்.

எடிங்டனை அவர் என்ன செய்தார் என்று என் மருமகள் இடையில் கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை. 1982 இல் எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் விரிவுரையாற்ற வந்தவர் சந்திரசேகரே. அந்த உரைகளைத் திரட்டிய நூலின் தலைப்பிலேயே எடிங்டனைத் தம் காலத்தின் மிகச் சிறந்த வானியற் பௌதிகவியலாளர் என்று குறிப்பிட்டார். அந்தச் சிரிப்பு அவரைக் கசப்பானவராக்கவில்லை. இருக்கும் இடத்தில் அவருக்கு நிறைய வேலை இருந்தது.

இந்தக் கதை எனக்குச் சொல்வது இதுதான். பெயரைப் பார்த்துத் தெரிவது இலகு. அது பெற்றோரைக் குளிர்விக்கும், கலியாண வீடுகளிற் சொல்லிக்கொள்ள உதவும். ஆளைப் பார்த்துத் தெரிவது அதைவிட நல்லது. ஏனெனில் கல்வி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதேயன்றி, கட்டடத்திலிருந்து மனிதருக்கு வருவதல்ல. ஆனால் ஆட்களும் ஒருநாட் போய்விடுவார்கள். எல்லோரும் போன பின்னரும் அங்கேயிருந்து விடிய விடியச் செய்ய உனக்கு ஒரு வேலை இருக்குமா? இந்தக் கேள்விக்கு ஆமென்று சொல்ல முடிகிற இடமே சரியான இடம். அப்படிப்பட்ட வேலை உள்ளவருக்கு விட்ட கதவைப் பற்றிய ஏக்கமும் நாளடைவிற் போய்விடும்.

எழுதும்போது வேறொன்றும் தோன்றுகிறது. எனக்கு வந்த அந்த ஒற்றைக் கடிதத்தை இவ்வளவு காலமும் ஒரு குறைவாகவே எண்ணியிருந்தேன். தெரிவு மறுக்கப்பட்டது அநீதிதான். அதை நான் சின்னதாக்கிச் சொல்ல விரும்பவில்லை. தெரிவுசெய்ய முடியாமலே போனவர்கள், கடிதம் வராமலே போனவர்கள், வந்தும் போக முடியாமற் போனவர்கள் என என் வகுப்பிலேயே எத்தனையோ பேர். ஆனால் திறந்த பின் அந்த வளாகத்தில் எனக்குக் கிடைத்த ஓர் ஆசிரியர், ஒரு வாக்கியத்தை நான்கு முறை திருத்தி எழுதவைத்தவர், விருப்ப வரிசையில் நான் முதலிற் குறித்திருந்த இடத்தில் இருந்திருக்கமாட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் சோறு உண்பது அவர் தந்த பழக்கத்தினால்.

அன்றிரவு என் மருமகளுக்கு எதைத் தெரியவேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன். "அந்த ரெண்டு இடத்திலும் உன்னைப் படிப்பிக்கப்போகிறவர்களில் ஆரையாவது உனக்குத் தெரியுமோ, பிள்ளை?" மறுமுனையிற் சற்று நேரம் மௌனம். தரவரிசையில் இரண்டும் எத்தனையாவது இடம் என்பது அவளுக்கு மனப்பாடம். ஓர் ஆசிரியரின் பெயர்கூடத் தெரியாது. தேடிப் பார்க்கிறேன் என்றாள்.

இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் அழைத்தாள். இரு இடங்களிலும் சிலருக்கு மின்னஞ்சல் எழுதினாளாம். பலர் பதில் எழுதவில்லை. ஒரேயொருவர் நீளமாக எழுதியதோடு, கோடை விடுமுறையில் முயன்று பார்க்கும்படி ஒரு கணக்கையும் அனுப்பியிருந்தார். அந்தப் பேராசிரியரைப் பற்றியும் அந்தக் கணக்கைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினாள். அவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார் என்பதைக் கடைசியில் நான்தான் கேட்டு அறியவேண்டியிருந்தது.